பதிமூணாவது பல்லு

ஐயய்யோ, அந்த விசிறியில மட்டும் கை வைக்காதீங்க மேடம்! கோவிச்சுக்காதீங்க, உங்க மியூசியத்துப் பாட்டுப் பெட்டிதான், நான் இல்லேங்கல. ஆனா சாவி குடுத்து வச்சிருக்கு பாருங்க, உள்ள ஸ்பிரிங்கு முறுக்கேறி உக்காந்திருக்கு. இந்த நகத்தளவு பித்தளைத் தகடுதான் அதை அடக்கி வச்சிருக்கு. இது சுத்தும்போது காத்து தடுக்கும், தடுக்கிறதாலதான் பாட்டு நிதானமா வருது. இது கழண்டுச்சுன்னு வைங்க, மொத்த முறுக்கும் ஒரே மூச்சுல வெளிய வந்துரும். என்ன ஆகும்னா கேக்குறீங்க? சொல்றேன், மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். நூறு வருஷத்துப் பெட்டியெல்லாம் ரிப்பேர் பண்ற வீட்டுல நாற்காலிக்குக் கால் ஒட்ட ஆளில்ல.

அவரா? அதோ, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு தெரியுதே, அதுதான் எங்க வீட்டுக்காரர். இந்தக் கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு அவரை முதுகாத்தான் பாத்திருக்காங்க. கூப்பிட வேணாம். வேலையில இருக்கும்போது கூப்பிட்டா அவருக்குப் புடிக்காது. நீங்க கதவைத் தொறந்ததும் உள்ள ஒரு செவப்பு பல்பு எரிஞ்சுதே, கவனிச்சீங்களா? முன்னாடி அங்க மணிதான் இருந்துச்சு. மணிச் சத்தத்துக்குக் கவனம் சிதறுதுன்னு கழட்டிட்டு பல்பு போட்டோம். ரொம்ப நுணுக்கமான காது பாருங்க, சின்னச் சத்தம் கூட ஆகாது.

ரெண்டு கேள்வி நேர்ல கேக்கணுமா, ரிப்போர்ட்டுல எழுத? தாராளமா கேளுங்க, நான் சொல்றேன். இல்லீங்க, அவர் என்ன சொல்வாரோ அதையேதான் நானும் சொல்வேன், கொஞ்சம் கூடச் சேத்து. இந்தத் தெருவுல எனக்கு என்ன பேரு தெரியுமா? எஃப்.எம். விளம்பர இடைவேளை கூட விடாம பேசுறேனாம். எங்க நாத்தனார் இன்னும் ஒரு படி மேல. எங்கண்ணன் வாயைத் தைச்சு வச்சிட்டு இவ ஒருத்தியே பேசுறான்னு குடும்பம் பூரா சொல்லி வச்சிருக்கா. சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு அதுல ஒண்ணும் கொறைஞ்சு போகல.

நீங்க நாணயப் பிரிவுலருந்து இந்தப் பிரிவுக்கு மாறி வந்து மூணு மாசம்தான் ஆச்சா? அப்ப சரி, அடியிலருந்தே சொல்லிடுறேன். மூடியைத் தொறந்தா இந்தப் பித்தளை உருளை. வெரலால தடவிப் பாக்காதீங்க, கண்ணால பாருங்க. மேல பூரா முள்ளு. ஆறாயிரத்துச் சொச்சம். ஒவ்வொண்ணும் தலைமுடி கனம். இதுக்கு முன்னாடி படுத்திருக்கே இரும்புச் சீப்பு, அதுல எழுபத்திரண்டு பல்லு. இடது பக்கம் தடிமனாப் பெரிசா இருக்கிறது கட்டைக் கொரல். வலது பக்கம் போகப் போகச் சின்னதாகும், கடைசியில குருவிக் கொரல். உருளை சுத்தும்போது முள்ளு பல்லைத் தூக்கிட்டு விட்டுரும், பல்லு அதிரும், அதான் பாட்டு. இந்தப் பொட்டிக்குள்ள வேற மந்திரமெல்லாம் ஒண்ணும் கெடையாது.

ஒரே உருளையில ஆறு பாட்டு எப்படின்னா, ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் உருளை ஒரு நூலளவு பக்கவாட்டுல நகந்துக்கும். முன்னாடி பல்லுக்கு நேரா இருந்த முள்ளெல்லாம் இப்ப சந்துல போயிரும், வேற கும்பல் நேரா வந்து நிக்கும். ஆறு பாட்டும் ஒரே எடத்துல, ஒண்ணை ஒண்ணு இடிக்காம குடியிருக்கு. எங்க மாமியார் வீட்டுல நாங்க மூணு மருமகளுங்க இருந்தோம், எங்களால முடியல.

ஏதாவது குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

அவர் வாயில குச்சியா? ஆமா, மரக்குச்சி. சிகரெட்டை விட்டாரு, விட்டதுலருந்து வாயில எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கணும் அவருக்கு. மறுமுனை பெட்டியைத் தொட்டுக்கிட்டு இருக்கா? அட, நல்லாத்தான் கவனிக்கிறீங்க. கை ரெண்டும் வேலையா இருக்குல்ல, குச்சி எங்கயாவது சாஞ்சுக்கத்தானே வேணும்? இருங்க ஒரு நிமிஷம், அவர் முன்னாடி இருக்கிற பெட்டி ஓடி முடிஞ்சிருச்சு, போயிட்டு வந்துடுறேன்.

வந்துட்டேன். ஒண்ணுமில்ல, முதுகுல புடிப்பு அவருக்கு. நாள் பூரா குனிஞ்ச தலை நிமிராம உக்காந்தா வராம என்ன செய்யும்? அப்பப்ப போயி ரெண்டு அழுத்து, நாலு தட்டு. சும்மா, ஒரு கணக்குக்கு.

விசிறி கழண்டா என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்துச்சு. யாருதுன்னு சொல்ல மாட்டேன். இந்தத் தொழில்ல மொதப் பாடமே, விசிறியைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கோட முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிடணும். பல் வெளக்குற மாதிரி, யோசிக்காம செய்யுற வேலை. அன்னைக்கு அவரு எறக்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டாரு. விசிறியோட ஸ்குரு ஒண்ணைக் கழட்டினாரு, இன்னொண்ணைத் தளர்த்தி விட்டுட்டு டீ வாங்க வெளிய போயிட்டாரு. அந்த நேரம் பாத்து விசிறி நழுவிருச்சு. நான் சமையல்கட்டுல இருந்தேன். சர்ருன்னு ஒரு சத்தம். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி, அதுக்குள்ள ஆறு பாட்டும் ஒண்ணாச் சேந்து அலறுற மாதிரி. அஞ்சே செகண்டு. ஓடி வந்து பாக்குறேன், உருளை மழமழன்னு இருக்கு. ஷேவ் பண்ணின மாதிரி. முள்ளெல்லாம் சாஞ்சு, ஒடிஞ்சு, மேசை பூரா பொடி. சீப்புல பதினாறு பல்லு காலி.

என்ன பண்றது? பழைய முள்ளையெல்லாம் எடுத்துட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் புது முள்ளு. ரெண்டு பேருமாத்தான் நட்டோம். பதினாலு மாசம். அதோட சொந்தக்காரர் மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்து நிப்பாரு, நான் அரை மணி நேரம் பேசுவேன், அவர் எதுக்கு வந்தோம்னு மறந்துட்டுத் திரும்பிப் போவாரு. கடைசியில வாங்கிட்டுப் போயிக் கேட்டுட்டு, முன்னாடி இருந்ததை விட இப்ப நல்லா இருக்குன்னு ஒரு கடுதாசியே எழுதிட்டாரு. சட்டம் போட்டு மாட்டியிருக்கோம், உங்க தலைக்கு மேலதான். இப்பப் படிக்க வேணாம், எழுத்து ரொம்பக் கோணல்.

சரி, போடுறேன், கேளுங்க. இந்த ஒரு பெட்டி சரியா வந்தாத்தான் மிச்சம் பதினொண்ணும் தருவீங்கன்னு கடுதாசி வந்ததுலருந்து மனுஷனுக்கு நெலை கொள்ளல. அந்த அலமாரியைப் பாருங்க. இருந்த சாமானையெல்லாம் தூக்கி என் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, சாக்பீஸால ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும் நம்பர் போட்டு எடம் பிரிச்சு வச்சிருக்காரு. பள்ளிக்கூடத்துல பெஞ்சு புடிக்கிற மாதிரி. போன வருஷம் ஒரு மாசம் வேலை வரல. முதல் வாரம் வீட்டுக் கடிகாரத்தையெல்லாம் பிரிச்சாரு. ரெண்டாவது வாரம் மிக்ஸி. மூணாவது வாரம் தையல் மிஷின். நாலாவது வாரம் பிரிக்க ஒண்ணுமில்லாம கையை மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. அதுதான் எனக்குத் தாங்கல. மிக்ஸி போனாப் போகுது. அந்தக் கையைத்தான் என்னால பாக்க முடியல.

இது மொதப் பாட்டு. நல்லா இருக்குல்ல? கவனிச்சீங்களா, ஒரே சுரத்துக்கு நாலு பல்லு வச்சிருக்கான் இதைச் செஞ்சவன். ஏன்னா அடிச்ச பல்லு இன்னும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும்போது மறுபடி முள்ளு வந்து தொட்டா கீச்சுனு கத்தும். அதுக்குத்தான் ஒவ்வொரு பல்லுக்கு அடியிலயும் முடி மாதிரி ஒரு கம்பி வளைச்சு வச்சிருக்கான். முள்ளு வர்றதுக்கு ஒரு கண் சிமிட்டுற நேரத்துக்கு முன்னாடி அந்தக் கம்பி போயி பல்லை அமத்தும். சின்னப் பல்லுக்குக் கம்பி கூட கனம், அதுக்குக் கோழி இறகு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். நான்தான் கோழிக்கடையில போயி கேப்பேன். கோழி வேணாமா, இறகு மட்டும் போதுமான்னு அந்தக் கடைக்காரர் இன்னைக்கும் என்னை ஒரு மாதிரிதான் பாப்பாரு.

என்ன மேடம்? பேசாம இருக்கணுமா? சரி சரி. பாட்டு கேக்கத்தான வந்தீங்க. வாயை மூடிக்கிறேன்.

மூணாவது பாட்டு முடிஞ்சிருச்சு, அதுக்காகச் சொன்னேன். இந்தா, வாயை மூடிட்டேன்.

என்ன? எங்க? நாலாவதுலயா? கீச்சுன்னா? இல்லீங்களே. பாட்டோட மேல் ஸ்தாயி அப்படித்தான் இருக்கும், குருவிக் கொரல்னு சொன்னேன்ல. இந்தக் கொக்கியை இப்படித் தள்ளினா அதே பாட்டு திரும்ப வரும், கேளுங்க. ம். ம். எங்க? இப்பவா? போயிருச்சா? இன்னொரு தடவை போடுறேன். இப்பவா?

வயலின் வாசிப்பீங்களா? பன்னெண்டு வருஷமா? அதை வந்ததும் சொல்ல வேணாமாங்க? நாணயப் பிரிவுன்னுதான சொன்னீங்க! காசு எண்ணுற ஆளுன்னு நம்பி நான் பாட்டுக்கு உக்கார வச்சேன்.

எங்க எழுந்திரிச்சிட்டீங்க? வேணாம், அவர்கிட்ட நான் கேட்டுச் சொல்றேன். கேளுங்களேன், மேடம், அவர் நடுவேலையில இருக்காரு...

கூப்பிட்டுப் பாத்துட்டீங்களா? மூணு தடவை. மூணாவது தடவை எதிர்வீட்டு ஜன்னல் தொறந்துருச்சு. வாங்க, வந்து உக்காருங்க. அந்த ஆடுற நாற்காலியிலயே உக்காருங்க, இனிமே என்ன.

டீ வாங்க வெளிய போனாருன்னு சொன்னேன்ல? போகல. டீ நான்தான் போட்டுக் குடுத்தேன். நான் சமையல்கட்டுலருந்து அலறிக்கிட்டு ஓடி வர்றேன், அந்த உருளை தறிகெட்டு ஓடுது, தெருவே கேட்டிருக்கும் அந்தச் சத்தத்தை. இவரு அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, மூணடி தள்ளி உக்காந்து, டீயை ஊதி ஊதிக் குடிச்சிக்கிட்டு இருக்காரு. என்னைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே, சக்கரை கொஞ்சம் கம்மின்னாரு. நான் பின்னாடி கையைக் காட்டினேன். திரும்பிப் பாத்தாரு. அந்த மொகத்தைப் பத்தி நான் யாருக்கும் சொன்னதில்ல, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே காது கேக்குறது கொறைய ஆரம்பிச்சிருக்கு. என்கிட்டயே மறைச்சிருக்காரு. டாக்டரும் பாத்தாச்சு, காதுல மாட்டுற மிஷினும் வாங்கியாச்சு. மாட்டினா பாத்திரக்கடை நொறுங்குற மாதிரி இருக்காம், கழட்டி மேசை டிராயர்ல போட்டுட்டாரு. அது கெடக்கட்டும், அதை மாட்டிக்கிட்டு அவர் உக்காந்திருந்தா இந்தக் கதவைத் தாண்டி ஒரு பெட்டி உள்ள வருமா? காது கேக்காதவன்கிட்ட பாட்டுப் பெட்டியைக் குடுப்பீங்களா நீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ம். அதான். நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்.

ஆனா கை பொய் சொல்லாதுங்க. சுருதி பாக்குறதுக்கு மிஷின் இருக்கு, அதோட முள்ளு நடுவுல நின்னா சரி, அதுக்குக் காது வேணாம், கண்ணு போதும். அந்தக் குச்சியைப் பல்லுல கடிச்சு மறுமுனையைப் பெட்டியில வச்சாருன்னா, அதிர்வு தாடை எலும்பு வழியா ஏறி அவருக்குள்ள போகுமாம். பாதிப் பாட்டு தெரியுதுங்கறாரு. சிகரெட்டா? ஜென்மத்துல தொட்டதில்ல, பாவம், அவர் பேரைக் கெடுத்தேன். மிஞ்சுறது இந்தக் கீச்சு ஒண்ணுதான். அதைக் காட்டுறதுக்கு மிஷின் கெடையாது, குச்சியிலயும் ஏறாது. அதுக்குத்தான் நான். எந்தப் பல்லு கத்துதுன்னு கேட்டுட்டுப் போயி அவர் முதுகுல சொல்லுவேன். குனிஞ்சிருக்கும்போது என் உதட்டைப் பாக்க முடியாதுல்ல. ஒரு அழுத்து பத்து, ஒரு தட்டு ஒண்ணு. வலது தோள்ல ஆரம்பிச்சா வலது பக்கத்துலருந்து எண்ணணும், இடதுன்னா இடது. எல்லாம் சுத்தமா இருந்தா, உள்ளங்கையால ஒரே ஒரு தட்டு, நடு முதுகுல. அதை வாங்குனதும் கொழந்தை மாதிரி நிமிந்து உக்காருவாரு.

இவ்வளவு பேசுறவளான்னு பாக்குறீங்களா? கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் நான் வாயே தொறந்ததில்லன்னா நம்புவீங்களா? எங்க மாமியார் எனக்கு வச்ச பேரு ஊமைச்சி. வர்றவங்க அவர்கிட்ட எதாவது கேட்டுத் தொலைச்சிருவாங்களோ, அவர் பதில் சொல்லாம நின்னுடுவாரோங்கற பயத்துல பேச ஆரம்பிச்சது. சந்து விட்டா மாட்டிக்குவோம்ல? பேசிப் பேசி, ஊமைச்சி எஃப்.எம். ஆயிட்டா. புருஷன் பேசாததுக்குக் காரணம் பொண்டாட்டின்னா ஊரு ஒரு நிமிஷத்துல நம்பிரும். யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க.

ஆ, இன்னொண்ணு. அந்த மொட்டையான பெட்டி யாருதுன்னு கேக்கலையே? எங்களைப் பத்தி ஆகா ஓகோன்னு சொல்லி உங்களை இங்க அனுப்பி வச்சாரே பல் டாக்டர், அவருதுதான். சட்டத்துல இருக்கிற கடுதாசியும் அவருதுதான். பாவம், நாள் பூரா அடுத்தவங்க வாயைத் தொறக்க வச்சே பழக்கம், என் வாயை மூட வைக்கத் தெரியல.

இல்லம்மா, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க? ரிப்போர்ட்டுல என்ன எழுதணுமோ எழுதுங்க. அவருக்குக் காது கேக்காதுன்னு எழுதணும்னா எழுதுங்க, அது உண்மைதான். வேலையை விட உண்மை பெரிசுன்னு உங்க ஆபீஸ்ல நெனச்சா அலமாரியில இருக்கிற நம்பரை நான் துணி வச்சுத் துடைச்சுக்கிறேன். அதுக்கெல்லாம் நான் அழல. கண்ணுல என்னமோ விழுந்திருக்கு.

எனக்கு இப்பப் பயமா இருக்கிறது வேற. இந்தப் பெட்டியை நேத்து மத்தியானம் மூணு தடவை ஓட்டிக் கேட்டேன். ஆறு பாட்டையும். போயி நடு முதுகுல உள்ளங்கையால தட்டிட்டு வந்தேன், சுத்தம்னு. கீச்சு நேத்தும் இருந்திருக்கும்ல? இன்னைக்கு நீங்க சொல்லச் சொல்ல ரெண்டு தடவை போட்டேனே. இப்பவா இப்பவான்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? நான் நடிச்சேன்னு நெனச்சிருப்பீங்க. நடிக்கலம்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. கொஞ்ச நாளாவே சந்தேகம்தான். பிரஷர் குக்கர் முன்ன மாதிரி கத்த மாட்டேங்குதுன்னு அதுக்கு ரெண்டு தடவை வெயிட்டை மாத்தினேன்.

இன்னொரு தடவை போடட்டா? உங்களுக்கு நேரம் இருக்கா? கொக்கியைத் தள்ளிட்டேன். நீங்க கேளுங்க, நான் உங்க மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கீச்சுனதும் சொல்லுங்க. இதுவா? இந்த எடம்தானா? எந்தப் பல்லு தூக்குதுன்னு பாருங்க. வலதுலருந்து எண்ணுங்க, மெதுவா, கை படாம. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. பதிமூணுதானா? நிச்சயமா? இறகு தேஞ்சிருக்கும், பத்து நிமிஷ வேலை அவருக்கு.

ஒரு உதவி மட்டும். ரிப்போர்ட்டுல எது வேணும்னாலும் எழுதுங்க, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. எனக்குக் கேக்கலைங்கறதை மட்டும் அவருக்குத் தெரிய விட்டுறாதீங்க. நான் தட்டினா சரியா இருக்கும்னு நம்பித்தான் அந்த மனுஷன் காலையில எழுந்திரிக்கிறாரு.

வலது தோளு. ஒரு அழுத்து, மூணு தட்டு. இருங்க, போயிச் சொல்லிட்டு வந்துடுறேன்.